உரக்கச் சொன்ன ஆமென்

மலாயாவில், தங்காக் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான்தான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. புதிதாக வந்த சின்னக் கிராணி தானியேலுக்கு, வெள்ளைக்காரத் துரை தன் அறைப் பக்கமே நாற்காலி போட்டுக் கொடுத்தார். என் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் அவனை வைத்துக்கொண்டே, "ஆண்டவரே, அடுத்தவன் நாற்காலிமேல் கண் வைக்கிறவனைத் தண்டியும்" என்று ஜெபித்தேன். அவன்தான் எல்லோரையும்விட உரக்க "ஆமென்" என்றான்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மறித்தேன். "உன்னத்தான்டா சொன்னேன்!"

"அப்படியா? என் நாற்காலிய தினமும் மொறச்சுப் பாக்குறது நீங்கதானே? அதான் ஆமென் சொன்னேன்."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. உள்ளே போய் முழங்காலிட்டு அதே ஜெபத்தை மறுபடி சொன்னேன், இந்த முறை என் பெயரைச் சேர்த்து.

அன்று சோறு இறங்கியது. தானியேலை மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. அதற்கும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.