சோளகக் காற்றும் இடது முழங்காலும்

எங்கள் பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரமாக, வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் சில கிடக்கும். முழங்கால் மடங்காதவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுவார்கள். ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளி நிர்வாக சபைத் தலைவர் அவற்றில் ஒன்றை எனக்காக இழுத்துப் போட்டார். நான் கேட்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பியதை அவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

"மச்சான், இனி இதுல குந்துங்க. மார்க்கத்துல சலுகை இருக்கு."

சலுகை இருப்பது எனக்கும் தெரியும். அரச அலுவலகங்களில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சலுகை யாருக்கு, எந்த நிலைமையில், எவ்வளவு காலத்துக்கு என்று தெளிவாகாமல் எவருடைய விண்ணப்பத்தையும் மேலே அனுப்பியதில்லை. கதிரை, முடியாதவருக்கு. நான் முடியாதவனா என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.

"முடியாமப் போனா நானே வந்து கேக்கிறன்" என்றேன்.

"வருவீங்க" என்றார் அவர், தன் கதிரையில் சாய்ந்துகொண்டு. அவர் அந்த வரிசைக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. கதிரையைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பது போல அதைப் பற்றிக் கதைப்பார்.

நோன்பு தொடங்க இரண்டு மாதங்கள் அளவில் இருந்தன. நோன்பு இரவுகளின் நீண்ட தொழுகையை வரிசையில் நின்று, நெற்றியை நிலத்தில் வைத்துத் தொழ வேண்டும். கடற்கரையில் ஓடுகிற என் ஓட்டத்தையும் விடக்கூடாது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன. ஊரில் எல்லோரும் சொன்ன தீர்வு, ஓட்டத்தை விடு என்பது. அது தீர்வல்ல. தலையிடிக்காரனுடைய விண்ணப்பக் கோவையை மூடிவிட்டுத் தலையிடி தீர்ந்தது என்று எழுதுவது போன்றது.

ஓடத் தொடங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பை அசைக்க வேண்டும் என்றார் டொக்டர். நடக்கத்தான் சொன்னார். நடந்தால் வழியில் ஆட்கள் மறித்து ஓய்வூதியம், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்று ஆலோசனை கேட்டார்கள். ஓடுகிறவனை யாரும் மறிப்பதில்லை. அப்படித் தொடங்கியது, பிறகு பிடித்துப்போய்விட்டது. என் வாழ்க்கையில் எவருடைய அங்கீகாரமும் பெறாமல் நான் ஆரம்பித்த முதல் காரியம் அது.

ஊரில் இதை விளங்கிக்கொள்ள ஆளில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளங்களில் ஏறி இந்தக் கரையில் வந்து இறங்கிய சனம் நாங்கள். ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலாகத் தொடங்கி, யுத்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போனவர் போக, மிச்சப்பேர் கல்வீடு கட்டி இருந்துவிட்டோம். சப்பாத்தும் நீளக் காற்சட்டையுமாக நான் கரையால் ஓடிய முதல் நாள், மீன்வாடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழும்பி நின்று கத்தினார்:

"சேர்! ஆரு தொரத்துற? மன்னார்ல இருந்து ஓடி வந்தது காணாதா?"

சிரித்து முடிய இன்னொருவர், "கொழும்புல இருந்து ஓடிற்றுக்கு ஆக்கள் வாறாங்களாம்" என்றார். ஓடிற், அதாவது கணக்காய்வு. அந்தப் பகிடியைத்தான் நான் ரசித்தேன்.

என் ஓட்டத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இந்தக் கரையில் வருடத்தின் நடுப்பகுதியில் சோளகம் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, நிற்பவனையும் தள்ளி நடக்க வைக்கும். வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வருவதும் அதற்காகத்தான். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடக்கே ஓடினால் பாதி வேலையை அது செய்துவிடும். நீரோரத்து ஈரமணலில், கண்டக்குழிப் பக்கம் வரை ஓடுவேன். அங்கே ஒடுங்கிய ஒழுங்கையொன்றால் வீதிக்கு ஏறி, ஓட்டோ பிடித்து வீடு வந்து சேருவேன். எதிர்க்காற்றில் மணல் கண்ணுக்குள் போக ஓடித் திரும்புவதற்கு எனக்கு என்ன விசரா? ஊரில் சைக்கிள்காரரும் இதைத்தான் செய்கிறார்கள். சோளகத்தில் காற்றோடு மிதித்துப் போய், வரும்போது சைக்கிளை லொறியில் ஏற்றி வருகிறார்கள். வெயிலில் நிழலால் நடப்பது போல, இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

முதல் வருடச் சோளகத்தின் கடைசியில் இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலித்தது. வாடைக்காற்று தொடங்கி மழை வந்ததும் ஓட்டம் குறைந்தது, வலியும் போய்விட்டது. அடுத்த சோளகம் தொடங்கிச் சில கிழமைக்குள் வலி திரும்ப வந்தது, இம்முறை சாமான் சட்டிகளோடு, தங்குகிற நோக்கத்தில். படி இறங்கும்போது குத்தியது. அதைவிடப் பெரிய தொல்லை தொழுகையில். இருப்பில் இடது காலை மடித்து அதன்மேல் அமர வேண்டும். சரியாக அந்தக் கால்தான்.

எல்லோரிடமும் ஒவ்வொரு வைத்தியம் இருந்தது. மூட்டுக்குள் காற்றுப் பிடித்துவிட்டது என்றார்கள். வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் வெத மாத்தயா என்கிற சிங்கள நாட்டு வைத்தியர் ஒருவர் பத்துப் போடுகிறார், மூன்று தரம் போனால் சரி என்றார்கள். கத்தாரிலிருந்து மகன் கறுப்பு நிற முழங்கால் உறை ஒன்று அனுப்பினான். மனைவி நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தாள். தேய்க்கும்போதெல்லாம் கதையும் சேர்ந்து வந்தது.

"இந்த வயசுல ஆரும் ஓடுவாங்களா? ஓடுறதெண்டாக் கடைக்கு ஓடலாமே. சீனி முடிஞ்சு ரெண்டு நாள்."

"எனக்குத்தான் சீனி ஆகாதே."

"எனக்கு ஆகும்."

கடைசியில் முறைப்படி போவது என்று தீர்மானித்தேன். ஆஸ்பத்திரிக்கு விடியவே போய் இலக்கம் எடுத்து, கிளினிக்கில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, அங்கிருந்து பிசியோதெரபிக்கு அனுப்பப்பட்டேன். எந்த வாங்கில் அமர்ந்திருந்தால் எந்தக் கதவு முதலில் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பிசியோதெரபிக்காரி சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழ் நன்றாகக் கதைத்தாள். முழங்காலை மடித்து, நீட்டி, வெளிப்பக்கத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். நான் கட்டிலை விட்டு எழும்பிவிட்டேன்.

"அங்கிள், எலும்பு தேயல்ல. இடுப்புல இருந்து முழங்காலுக்கு வெளிப்பக்கத்தால ஒரு பட்டி மாதிரி வருது. அதுதான் ஒரசுது. எங்க ஓடுறீங்க?"

"கடற்கரையில. மணல். சமதரை."

"கல்லு, பள்ளம்?"

"ஒண்டுமில்ல."

அவள் அதை எழுதிக்கொண்டாள். "அப்ப இடுப்புல பலம் காணாது. இந்தக் காலுக்கு மட்டும் வேல கூடுது. ஏனெண்டு தெரியல்ல" என்றாள். படுத்துச் செய்யும் பயிற்சிகளைக் காட்டித் தந்தாள். சில கிழமைகளுக்கு ஓட வேண்டாம், நடக்கலாம், வலிக்கும் அளவுக்கு மடிக்க வேண்டாம் என்றாள்.

"தொழுகையில மடிக்க வேணும்."

"கதிரை இருக்கு தானே அங்கிள், பள்ளியில?"

அன்று லுஹர் தொழுகைக்குப் போய் நானே ஒரு கதிரையை எடுத்துப் போட்டேன். சலுகைக்கு இப்போது நிலைமையும் இருந்தது, சிபாரிசும் இருந்தது, கால எல்லையும் இருந்தது. தலைவருக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முயற்சி எடுக்கவில்லை.

"நான் செல்லல்லயா மச்சான், வருவீங்கண்டு?"

"இது தற்காலிகம்."

"எல்லாரும் அப்படித்தான் வந்த" என்று தன் கதிரையை என் பக்கம் நகர்த்தினார். தொழுகை முடிந்ததும் தேங்காய் விலை, அவருடைய மருமகனின் வெளிநாட்டுப் பயணம், மலசலகூடத்துக் குழாய் என்று நீளமாகக் கதைத்தார். அந்த வரிசையில் மற்றவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பயிற்சியை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. அறையில் பாயை விரித்து வலப்பக்கம் சரிந்து படுத்து, இடது காலை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை, செய்தால் இடுப்பு எரியும். முதல் நாள் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "செத்த மையித்து மாதிரிப் படுத்துக்கிட்டுக் காலத் தூக்குறீங்க. ஆரும் கண்டாப் பயந்து போவாங்க, கதவச் சாத்துங்க" என்றாள். பிறகு பழகிவிட்டது. என்னைத் தாண்டிக்கொண்டு போய் அலுமாரியில் உடுப்பு எடுப்பாள்.

சொன்ன கிழமைகள் முடிய, சொன்னபடி கொஞ்சத் தூரம் மட்டும் ஓடிப் பார்த்தேன். முதல் இரண்டு தரம் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் கண்டக்குழி ஒழுங்கையை எட்டும்போது அதே இடத்தில் அதே குத்து. ஓட்டோவில் காலை நீட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நோன்புக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கேட்டைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள், ஓட்டோவைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. போகக்குள்ள ஓட்டம், வரக்குள்ள ஓட்டோ. ஒரு நாளாவது திரும்பி ஓடி வந்திருக்கிறீங்களா? போறது மட்டும் ஓட்டமெண்டா அது என்ன ஓட்டம்?"

என் சோம்பலைக் குத்திக் காட்டத்தான் அவள் கேட்டாள். நான் கேட்டில் நின்றபடியே கணக்குப் போட்டேன். திரும்பி ஓடி வந்தால் கடல் எந்தப் பக்கம் இருக்கும்? வலது பக்கம். போகும்போது இடது பக்கம். இரண்டு சோளகமாக எனக்குக் கடல் இடது பக்கத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

அன்று பின்னேரமே ஒரு சோடாப் போத்தலில் அரைவாசித் தண்ணீர் நிரப்பி, நன்றாக மூடி, கரைக்குக் கொண்டுபோனேன். நான் ஓடுகிற ஈரமணலில், நுனி கடலைப் பார்க்கப் படுக்க வைத்தேன். தண்ணீர் முழுவதும் மூடிப்பக்கம் ஓடிப்போய் நின்றது. அடிப்பக்கம் வெறுமையாக இருந்தது. பல இடங்களில் வைத்துப் பார்த்தேன். சோளகக் கடல் கரையை அரித்து அரித்துக் கூரை போலச் சரித்து வைத்திருந்தது. அந்தக் கூரையின் மேல் நான் எப்போதும் இடது காலைப் பள்ளத்திலும் வலது காலை மேட்டிலும் வைத்து, காற்று தள்ளத் தள்ள, வேகமாக ஓடியிருக்கிறேன். அதைத்தான் சமதரை என்று ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்தேன்.

வாடியிலிருந்தவர்கள் வலையை வைத்துவிட்டு வந்தார்கள்.

"என்ன சேர், கடல் சரிஞ்சு போச்சா?"

"கடலில்ல, கரை."

"அது எப்பவும் சரிவு தானே. இல்லாட்டி வள்ளத்த எப்புடித் தள்ளுற?"

அவர்கள் அந்தச் சரிவில் வள்ளம் தள்ளுகிறார்கள். ஓடுவதில்லை. அதனால் அவர்களுடைய முழங்கால் சுகமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. அவர்களில் ஒருவர் பள்ளியில் எனக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் இருப்பார்.

அடுத்த தரம் போனபோது பிசியோதெரபிக்காரியிடம் போத்தல் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், சமதரை எண்டீங்களே! நானும் நம்பி எழுதிட்டேன்."

பிறகு ஓட்டத்தின் ஒழுங்கை மாற்றினேன். பாதித் தூரம் போய், திரும்பி, அதே கரையால் வீட்டுக்கு ஓடி வருவது. நீரோரத்தை விட்டுக் கொஞ்சம் மேலே, மணல் தட்டையாக இருக்கிற இடத்தால். அங்கே கால் புதையும், வேகம் வராது. வராவிட்டால் பரவாயில்லை. திரும்பி வருவதுதான் ஓட்டம் என்பதை அந்தக் கிழமைகளில் தெரிந்துகொண்டேன். எதிரே சோளகம் முழுப் பலத்தோடு நெஞ்சில் கையை வைத்துத் தள்ளும். மணல் பல்லில் நறநறக்கும். காற்சட்டை காலோடு ஒட்டிப் படபடக்கும். ஒரு நாள், நடப்பவர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். தலையில் மீன் கூடையும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, அடியைச் சிறிதாக வைத்து, வலிக்கிறதா என்று முழங்காலிடம் கேட்டுக் கேட்டு வந்தேன். வலிக்கும் போல இருந்தால் நடந்தேன். நடந்து முடிய ஓடினேன். காலைத் தூக்கும் பயிற்சியையும் விடவில்லை. ஓட்டோக்காரர் வீதியில் என்னைக் கண்டு, "சேர், என்னோட கோவமா?" என்று கேட்டார்.

நோன்புப் பிறை கண்ட அன்று இரவு இஷாத் தொழுகைக்குப் பள்ளி நிறைந்திருந்தது. உள்ளே போய்ச் செருப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரோரத்தில் தலைவர் தன் பக்கத்துக் கதிரையை எனக்காகத் துடைத்து வைத்திருந்தார்.

"மச்சான், வாங்க. நீளத் தொழுகை. இண்டைக்கு மட்டுமாவது குந்துங்க."

"கால எல்லை முடிஞ்சிற்று" என்றேன்.

"புதுப்பிக்கலாமே." அவர் முகம் சிரிக்கவில்லை. "நீங்க போனா எனக்குக் கதைக்க ஆரு இருக்கு?"

அந்தக் கேள்விக்கான விதி எந்தக் கோவையிலும் இல்லை. "தொழுது முடிய வாறன், தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில், அவருக்கு நேர் முன்னால் போய் நின்றேன்.

முதல் சுஜூதில் நெற்றி பாயைத் தொட்டது. பாய் மண் மணத்தது. இருப்பில் இடது காலை மெதுவாக மடித்து, பாரத்தை மெதுவாக இறக்கினேன். மூட்டு ஒரு சத்தம் போட்டது. குத்தவில்லை. ஒவ்வொரு எழும்பலையும் இடுப்பால் எழும்பினேன், சொல்லித் தந்தபடி. இடையில் இரண்டு தரம் வியர்த்து, அந்தக் கதிரையை நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே நினைத்தேன். தூணைப் பிடிக்கவில்லை.

தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எனக்காகத் துடைத்த கதிரையில் தலைவர் தன் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"முழங்கால் எப்புடி?" என்றார்.

"சத்தம் போடுது."

"என்டதும் முதல்ல சத்தம்தான் போட்டது." தொப்பியைத் தலையில் வைத்தார். "ஊரெல்லாம் கதைக்கிற உங்கட அந்தக் காலத் தூக்குற பயிற்சியக் கொஞ்சம் காட்டுங்க பாப்பம். கதிரையில இருந்தே செய்யலாமா?"

"இருந்து செய்ய ஏலாது. கீழ படுக்க வேணும்" என்றேன்.

அவர் பாயைப் பார்த்தார். பிறகு கதிரையின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் புடிங்க" என்றார்.