கீழ்வீட்டுக் காரின் பேட்டரி

மல்காஜ்கிரியில் எங்கள் அடுக்குமாடியின் முதல் தளத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு பெண் குடிவந்தாள். ஐடி கம்பெனியில் வேலை. கணவன் துபாயில். அப்பா ஓட்டிய பழைய காரை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தாள். வந்த இரண்டாவது வாரமே அது கிளம்பாமல் நின்றது. பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்க்கும் என் கணவர்தான் பானெட்டைத் திறந்து பார்த்து, பேட்டரியில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொன்னார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் கீழே இறங்கினார். வீட்டில் கிழிந்த பனியனோடு திரிகிறவர், அதற்கு மட்டும் சட்டை மாற்றி, தலை வாரிக்கொள்வார். நான் மூன்றாம் மாடியில் துணி காயப்போடும் சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். பேட்டரியின் மேல்பக்கத்தைத் துடைத்து, ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுப்பார். அவள் போன் வெளிச்சம் காட்டுவாள். உள்ளே இருக்கும் தகடுகள் முழுகியிருக்க வேண்டும், ஆனால் வாய்வரை ஊற்றக் கூடாது, குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது என்றெல்லாம் விளக்குவது மேலே வரைக்கும் கேட்கும். எனக்கு இந்தப் பத்தொன்பது வருடத்தில் எதையும் அவர் விளக்கியதில்லை. மிக்ஸி ஏன் புகைகிறது என்று கேட்டால், "தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்பதோடு சரி.

அவள்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாள் அவர் தேடிக்கூடப் பார்க்காமல் கடைக்குப் போய்ப் புது பாட்டில் வாங்கிவந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகளை நாச்சாரத்தில் பிராக்டிகல் பரீட்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் ஆறரைக்கே கம்பெனி பஸ்ஸில் போயிருந்தார். சாவியைத் திருப்பினால் எங்கள் கார் 'டிக்' என்றதோடு சரி. பானெட்டைத் தூக்கி, மேலிருந்து பார்த்துப் பழகியபடி மூடிகளைத் திறந்தேன். இரண்டு அறைகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தகடுகள் வறண்டு வெளுத்திருந்தன. ஊரார் பேட்டரிக்கு வாராவாரம் மருத்துவம், எங்களுடையதைத் திறந்தே பார்க்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவந்து தகடுகள் மூழ்கும்வரை ஊற்றினேன். அப்போதும் கிளம்பவில்லை. இங்கேயே வளர்ந்த மகள் தெலுங்கில் முணுமுணுக்கத் தொடங்கினாள்.

கீழ்வீட்டுப் பெண் சாவியோடு வெளியே வந்தாள். "ஏறுங்க அக்கா, நான் விடறேன்."

மகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, அண்ணாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. வாராவாரம் பாக்க வேண்டியதில்ல, எப்பவாவது ஒருதரம் போதும்னு மெக்கானிக் சொல்றாரு. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் தூங்கக் கெடைக்குது. நேரா சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, அவ்வளவு அக்கறையாகத் தலை வாரிக்கொண்டு போனவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா நல்லா சொல்லிக்கொடுக்கறாரு. வாத்தியாராகணும்னுதான் ஆசைப்பட்டாராமே? வீட்டு நிலைமையில முடியலன்னாரு."

எனக்கு அது தெரியாது. தெரிந்ததுபோல 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவரை பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒரு பொறாமையே இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் கார் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது. மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். தண்ணீர் வற்றிய இரண்டு செல்லும் போய்விட்டது, புது பேட்டரிதான் போட வேண்டும் என்று அவன் இந்தியில் சொல்லிவிட்டுப் போனான். அவர் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"ஏங்க, நீங்க வாத்தியாராகணும்னு இருந்தீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னா?"

"அவதான். என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டதில்லையே," என்றார் மெதுவாக.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், நான் கேட்டதில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை. "அவ மட்டும் கேட்டாளா?"

அவர் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்ததையும், தன் தாத்தாவின் வைத்தியச் செலவால் ஒரே மாதத்தில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போனதையும் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் கரும்பலகை முன்னால் இரண்டே வகுப்பு எடுத்தாராம். என்ன பாடம் என்று கேட்டேன். காந்தம் என்றார்.

கீழ்வீட்டுப் பெண்ணின் தூக்கத்தைப் பற்றி நான் சொல்லவேயில்லை. இனிமேல் அவள் காரை நானே பார்த்துக்கொள்கிறேன், எனக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். எழுதிக்கொள்ள ஒரு நோட்டை எடுத்துவரச் சொன்னார்.