கிழியாத பின்சுவர்

என் வலது கண் போய்விட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அதைக் காத்தவரைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சகோதர சகோதரிகளே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினெட்டு வருஷமாக நான் வெல்டர். போன ஆகஸ்டில் ஒருநாள், ஷீல்டை நெற்றிக்குத் தூக்கிவிட்டு வெல்டிங் கசடை உளியால் தட்டினேன். கண்ணில் சுருக்கென்றது. வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் எரிந்தால் எங்கள் ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துப் படுத்தேன். ஒருநாள் இல்லை, ஒன்பது நாள். பார்வை பால்போல் வெளுத்தது. வெல்டிங்கை விட்டால் வேறு வேலை தெரியாத நான் உள்ளுக்குள் செத்தேன்.

என் மனைவி எஸ்தர் திட்டித் திட்டிச் சென்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். கண்பாப்பாவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பை. அதற்குள் லென்ஸ். உளியிலிருந்து தெறித்த இரும்புப் பொடி பையின் முன்சுவரைத் துளைத்து லென்ஸில் நிற்கிறதாம். பின்சுவர் முழுசாக இருந்தால் பழுதான லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸை அந்தப் பையிலேயே உட்கார வைக்கலாம். அதுவும் கிழிந்திருந்தால் லென்ஸுக்கு அங்கே இடமில்லை. பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து, கண்ணைக் குணமாக்கும் ஆண்டவரே என்று அழுதேன். எஸ்தர் விடவில்லை.

"இன்னாங்க, பொத்தாம் பொதுவா ஜெபம் பண்ணிக்கினு இருக்கீங்க? டாக்டரம்மா எதுக்குப் பயந்தாங்களோ அத்தச் சொல்லிக் கேளுங்க."

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், புதுவாயல் சபையின் சிமெண்டுத் தரையில், இரும்பில் கோடு போடும் சாக்பீஸால் கண்ணை வரைந்து காட்டினேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மாக்கள்கூட, "ஆண்டவரே, அந்தப் பின்சுவர் கிழியாம பாத்துக்கோ" என்று கதறினார்கள். கண் டாக்டர்கள் கூட்டம் தோற்றுப்போகும்.

ஆபரேஷன் அன்று கண்தான் மரத்திருந்தது, காது நன்றாகவே கேட்டது. பொடியையும் வெளுத்த லென்ஸையும் எடுத்துவிட்டார்கள் என்று புரிந்தது. அடுத்துப் பின்சுவரைத்தான் பார்ப்பார்கள். இயேசுவே, இயேசுவே என்று மனசுக்குள் பிடித்துக்கொண்டேன். அப்போது டாக்டரம்மா குரல் வந்தது.

"பின்சுவர் முழுசா இருக்கு. லென்ஸக் கொடுங்க."

துணிக்கடியில் விம்மிவிட்டேன். அழலாம், ஆனால் அசையக்கூடாது என்று அதட்டினார். அல்லேலூயா!

இரண்டு மாதம் கழித்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, சபை நடுவில் நின்று பைபிளில் ஒரு அதிகாரம் முழுக்க வாசித்தேன். இப்போது மறுபடியும் வெல்டிங் செய்கிறேன், பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமல். ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன்.

உங்களுக்கு எந்த இடத்தில் பயமோ, அந்த இடத்தைச் சொல்லியே கேளுங்கள். அவருக்குக் கேட்கும். அந்தச் சுவர் எவ்வளவு கனம் என்று கடைசியாக டாக்டரம்மாவைக் கேட்டேன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு என்றார். இரும்பு அதற்கு முன்னால் நின்றுவிட்டது.