இருபத்திரண்டாம் எண் வாழ்த்து

மலாக்கா பட்டணத்தில் கல்யாண கார்டு அடிக்கும் புவனேந்திரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படித்த ஆறு வருஷமும் மலாய்ப் பள்ளி. சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கடை ஆல்பத்தில் நாற்பது வாழ்த்துப்பாக்கள், எண் போட்டு. பழைய முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டக் காட்ட, அத்தனையும் இவருக்கு மனப்பாடம். எண்ணைச் சொன்னால் ராகத்தோடு வரும். ஊரில் அவருக்குக் கவிஞர் என்றே பெயர். எழுத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்க ஒரு பையன் உண்டு; அச்சுக்கு முந்தைய புரூஃப் மட்டும் இவர் பார்க்க மாட்டார். "கல்யாண வீட்டுக்காரங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் மெஷின் ஓடும்" என்பார். கறாரான மனுஷன் என்று அதற்கும் ஒரு மரியாதை.

தாயில்லாமல் வளர்ந்த மகள் தாரணிக்கும் இது தெரியாது. அவளைத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்பினார். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம் ஒன்றுதான் அவருக்கு.

அவளுக்கே கல்யாணம் கூடிவந்தது.

"இருபத்திரண்டு போடும்மா" என்றார்.

அவளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கார்டை அமைத்து, ஒரு தாளில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நல்லாப் பாருங்கப்பா."

நாலு வரி. ஓரங்கள் சரியாக இருந்தன.

"எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? அருமையா இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். ஐந்நூறு கார்டையும் அவரே அடித்து, அவரே மடித்தார்.

முதல் கார்டுகளை வெற்றிலைத் தட்டில் வைத்து, தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு இருவரும் போனார்கள். யாழ்ப்பாணக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா விஜயரட்ணம் அரசாங்க ஆபீசில் இருந்தவர். அவர் தங்கை கிருஷ்ணவேணி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆளுக்கொரு கார்டு எடுத்துக்கொண்டார்கள்.

"கவிஞர் எண்டு கேள்விப்பட்டனான். நீங்களே வாசியுங்கோவன்" என்றார் விஜயரட்ணம்.

தாரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். புவனேந்திரன் கார்டை விரித்தார். வரிகளின் மேல் கண்ணை ஓட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரு கரை தழுவும் ஓர் ஆறு போல, இல்லறம் பெருகி இனிதே வாழ்க" என்று எடுத்து, இருபத்திரண்டாம் எண்ணைக் கடைசி வரி வரை பாடி முடித்தார்.

யாரும் கை தட்டவில்லை. கிருஷ்ணவேணியின் விரல் கார்டின் முதல் வரியிலேயே நின்றிருந்தது.

"இதில வேறயெல்லோ கிடக்கு?" என்றவர், மெதுவாக வாசித்தார்:

"ஊரார் கல்யாணமெல்லாம்
அச்சடித்த கை
இன்று என் கையை எடுத்து
இன்னொரு கையில் தருகிறது."

"கீழ 'அப்பாவுக்கு, தாரணி' எண்டு போட்டிருக்கு. பிள்ளை எழுதினதோ?"

"கவிஞரே, உங்கட பாட்டை மகள் வெட்டிப்போட்டாள், பாத்தீங்களோ!" என்று சிரித்தார் விஜயரட்ணம்.

தாரணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளும் சிரித்தாள்.

"அப்பா எப்பவும் அப்படித்தான்லா மாமா. எதக் கையில குடுத்தாலும் அவரு பாட்டத்தான் பாடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காது மடலெல்லாம் எரிந்தது.

திரும்பும்போது தாரணிதான் காரை ஓட்டினாள். கடலோரச் சாலையில் பாதி தூரம் வந்த பிறகு கேட்டாள்.

"எழுத்தே தெரியாதா?"

"தெரியாது."

"ஸ்கூல்ல நான் எழுதுன கட்டுரையெல்லாம் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்வீங்களே?"

"கையெழுத்து அழகா இருந்துச்சும்மா."

சொன்ன பிறகு, காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ப்பா."

"உன்கிட்டதான் சொல்ல முடியல."



மறுவாரம் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கார்டு வைத்தார்கள். மாரியம்மா அக்கா வாசலில் நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படியும் ஒரு புள்ள எழுதுமா! மொத மொதல்ல படிச்சப்ப அழுதிருப்பியே தம்பி?"

தாரணி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"ஆமாக்கா" என்றார் புவனேந்திரன்.