ராசியான கையும் நகரசபை லைசென்சும்

பத்து வயதில் எனக்குக் கைராசி இருந்தது. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஸ்காபரோவில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த கட்டடத்தில் பதினான்கு மாடியிலும் இதைப் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. மாதாமாதம் அங்கே குலுக்குச் சீட்டு நடக்கும். பெயர்களைத் துண்டுகளில் எழுதிச் சுருட்டி ஒரு செம்புக்குள் போடுவார்கள். பெரியவர்கள் எடுத்தால் கள்ளம் வரும், சின்னப்பிள்ளையின் கைக்குக் கள்ளம் தெரியாது என்பது எங்கள் ஆட்களின் அசையாத நம்பிக்கை. ஆகவே என்னைக் கூப்பிடுவார்கள். நான் கண்ணை மூடி, முகத்தைத் தேவாரம் பாடுகிறவள் மாதிரி வைத்துக்கொண்டு ஒரு சுருளை எடுத்துக் கொடுப்பேன். சீட்டு விழாதவர்கள்கூட என்னைக் கோபித்தது கிடையாது.

எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. அம்மாவின் ஆங்கிலம் பஸ் ஏறி இறங்கக் காணும், கவுண்டர்களுக்குக் காணாது. அப்பாவுக்கு இரண்டு வேலை. பகலில் அவரைக் காண்பதே அரிது. எனவே டொக்டரிடமும், கட்டட மனேஜரிடமும், வங்கியிலும் அம்மாவின் வாய் நான்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாதி நாள் வெளியே போவேன். அது கணித பாடம் உள்ள நாளாக அமைந்துவிட்டால் எனக்குத் தீபாவளி. பெரிய மனிதர்கள் எல்லாரும் நான் வாய் திறக்கும்வரை காத்துக்கொண்டு நிற்பதில் இருந்த ருசியை இன்றும் மறக்க முடியவில்லை.

அந்த நாளில்தான் அம்மா, உருண்டையில் வரும் இலக்கத்தை மட்டையில் அடிக்கிற பிங்கோ ஆட்டம் நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டடத்தில் தாய்மார் சங்கம் என்று ஒன்று இருந்தது. அம்மா செயலாளர். தாய்மார் சங்கத்துக்குத் தலைவர் என் மாமா, அதாவது அம்மாவின் தமையன். தலைவர் என்றால் மீசை வேண்டும் என்று சங்கத்தில் நினைத்தார்கள் போலும். பக்கத்து நூலகத்தில் பெரியவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு நடந்தது. கைக்குழந்தையும் தவழுகிற குழந்தையுமாக இருந்த எங்கள் தாய்மார் ஒருவராலும் அதற்குப் போக முடியவில்லை. வகுப்பு நேரத்தில் குழந்தைகளைப் பார்க்க ஓர் ஆளை அமர்த்த வேண்டும், அதற்குப் பிங்கோ வைத்துப் பணம் சேர்க்க வேண்டும். இதுதான் அம்மாவின் திட்டம்.

மாமா உடனே நாள் குறித்துவிட்டார். முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றவர் அம்மாதான். தர்மத்துக்கு வைக்கிற பிங்கோவுக்கும் நகரசபையின் லைசென்ஸ் வேண்டும் என்பது சட்டம். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எங்கட சனம் எங்கட ஹோலுக்குள்ள இருந்து விளையாட உவங்கள் ஏன் பேப்பர் தரவேணும்?”

“ஆரும் வந்து கதவைத் தட்டினால் நான் லைற்றை நூத்துப்போட்டு ஒளிச்சிருக்க மாட்டன், அண்ணை. பேப்பரைக் காட்டுவன்” என்றார் அம்மா.

அடுத்த கட்டடத்தில் அந்த வருடம் அப்படித்தான் நடந்திருந்தது. பேப்பர் இல்லாமல் வைத்த ஆட்டத்தை நகரசபை ஆட்கள் இடையில் நிறுத்த, சனம் கையில் பிங்கோ மட்டைகளோடு வீட்டுக்குப் போனது. அந்தச் சங்கம் அதற்குப் பிறகு எழும்பவேயில்லை. தன்னுடைய சங்கத்துக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அம்மா முடிவு எடுத்துவிட்டார். அம்மா முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

நகரசபைக் கவுண்டருக்கு நான்கு முறை போனோம். முதல்முறை சங்கத்தின் யாப்பு, அதாவது விதிகள் எழுதிய பத்திரம், இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை மண்டபத்துக்காரரின் கடிதம் இல்லை. மூன்றாம் முறை அங்கத்தவர் பட்டியலில் கையொப்பங்கள் குறைவு. ஒவ்வொரு முறையும் அம்மா “தாங்யூ” சொல்லி, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பனிக்குள் பஸ்ஸுக்கு நடப்பார். ஒரு சலிப்பு, ஒரு முணுமுணுப்பு அவரிடம் இருந்து வந்ததில்லை. சலித்துக்கொள்ள நான் இருந்தேன்.

நான்காம் முறை ஒரு செவ்வாய்க்கிழமை. கவுண்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தைத் தந்தார். என்ன நோக்கத்துக்காகப் பணம் சேர்க்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். என் கையெழுத்து வகுப்பில் பெயர் பெற்றது. கவுண்டர்ப் பெண்ணும் அதை மெச்சினார். எழுத்தின் வடிவில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது.

பிறகு நிபந்தனைகள் வந்தன. பக்கம் பக்கமாக வந்தன. அம்மா ஒவ்வொன்றையும் வாசித்துச் சொல்லச் சொன்னார். ஆட்டத்தை நடத்துகிறவர் தானே விளையாடக்கூடாது, லைசென்ஸை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நான் வாசித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எவரும் விளையாடவோ, ஆட்டத்தை நடத்த உதவவோ கூடாது என்று அங்கே இருந்தது.

பிங்கோ அன்று உருண்டையை எடுக்கப்போவது யார் என்று கட்டடத்தில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை, நான்தான். மாமி எனக்கு மாம்பழ நிறத்தில் பட்டுப்பாவாடைகூடத் தைத்துவிட்டார்.

“உதில என்ன போட்டிருக்கு?” என்று அம்மா கேட்டார்.

“உது முதல் சொன்னதுதான், அம்மா.”

அம்மா என்னைப் பார்த்தார். எல்லாம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி நிதானமாகக் கையொப்பம் வைத்தார்.

லைசென்ஸ் வந்ததும் மாமா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, மண்டபச் சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், மூலையில் சந்தனப் பொட்டோடு அது ஒட்டப்பட்டிருந்தது. சனம் நிறைந்துவிட்டது. முதல் பரிசு ஒரு கிரைண்டர். நான் கதிரையில் ஏறி நின்று உருண்டைகள் போட்ட உருளியைச் சுற்றினேன். உருண்டையை எடுத்துக் கொடுக்க, பக்கத்தில் நின்ற அம்மா இலக்கத்தைச் சொன்னார். எனக்கு உலகமே என் பாவாடையைப் பார்ப்பதாகத் தோன்றியது.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். கோட்டில் பனி அப்பியிருந்தது. அவர் யாருடைய வேலையிடத்துச் சிநேகிதரோ என்று நினைத்து ஓர் அன்ரி மட்டன் ரோல்ஸை அவர் கையில் திணித்தார். அவர் அதைப் பிடித்தபடியே சுவரண்டை போய் லைசென்ஸை வாசித்தார். பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

கதிரைக்குப் பக்கத்தில் வந்து தன் நகரசபை அடையாள அட்டையைக் காட்டினார். எனக்கு என்ன வயது என்று கேட்டார். பத்து என்றேன். யார் பொறுப்பு என்று கேட்டார். அம்மாவைக் காட்டினேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் உதவக்கூடாது என்று நிபந்தனையில் இருக்கிறதே, நீங்கள் வாசிக்கவில்லையா என்று அம்மாவிடம் கேட்டார்.

ஆட்டம் நின்றுவிட்டது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த ருசியான இடம்தான், ஆனால் இந்த முறை ருசிக்கவில்லை.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“ரோல்ஸ் நல்லாயிருக்காம்.”

அம்மா அவருடைய கையைப் பார்த்தார். ரோல்ஸ் கடிபடாமல் முழுசாக இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “பதினெட்டு வயசு வேணுமாம். அண்டைக்குப் பேப்பரில கிடந்தது. நான்தான் சொல்லேல்லை.”

மாமா முன்னுக்கு வந்தார். “பிறகென்ன? பிள்ளை பிழையாச் சொல்லிப்போட்டுது எண்டு சொல்லு. உள்ளதைத்தானே சொல்லுறம்.”

அது உண்மைதான். சொல்லியிருந்தால் பழி என்னோடு போயிருக்கும், சங்கம் தப்பியிருக்கும். நான்கு முறை பனிக்குள் நடந்து எடுத்த லைசென்ஸ் அது. அம்மா என்னைக் கதிரையில் இருந்து தூக்கிக் கீழே விட்டார். விட்டுவிட்டு அந்த மனிதரை நேராகப் பார்த்து, என் உதவி இல்லாமல், ஆங்கிலத்தில் பேசினார்.

“ஐ சைன். மை நேம். மை மிஸ்டேக்.”

அவர் அம்மாவின் பெயரைக் குறித்துக்கொண்டார். இன்றைய ஆட்டத்தை ஒரு பெரியவர் தொடரலாம், ஆனால் தான் அறிக்கை எழுத வேண்டும் என்றார். அலுவலகத்துக்கு வந்து விளக்கம் தந்தால்தான் சங்கத்துக்கு இனி லைசென்ஸ் கிடைக்கும் என்றும் சொன்னார். இந்த முறை நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

அதன் பிறகுதான் உண்மையான கலவரம் வந்தது. எந்தப் பெரியவர் உருண்டையை எடுப்பது? எழும்பிய ஒவ்வொருவருக்கும் மண்டபத்தில் ஒரு மனைவியோ மச்சாளோ மட்டையோடு இருந்தாள். சின்னப்பிள்ளையின் கையைத் தவிர எதையும் நம்பச் சனம் தயாராக இல்லை. கடைசியில் அம்மா தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து, தலைவரின் கண்ணை இறுக்கிக் கட்டினார். மாமா குருடரைப்போல உருளியைத் தடவித் தடவி உருண்டை எடுத்தார். அந்த வெள்ளைக்காரர் கடைசி ஆட்டம்வரை நின்று பார்த்தார். ரோல்ஸுக்குக் காசு வைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய நாள். நான் காலையிலேயே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். இந்த முறை ஒரு கொமாவைக்கூட விடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். அம்மா ஃபைலோடு வந்தார்.

“நீ பள்ளிக்கூடம் போ, பிள்ளை. நான் தனியப் போட்டு வாறன்.”

அன்று பள்ளிக்கூடத்துக் கழிவறையில் இருந்து அழுதேன். பஸ் தரிப்பில் பனிக்குள் தனியாக நின்ற அம்மாவின் பச்சைக் கோட்டை புறப்படுமுன் வீட்டு யன்னலால் பார்த்தபோதே, என்னை வேலையில் இருந்து நிற்பாட்டிவிட்டார் என்று விளங்கியது. அவர் அங்கே எதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. மூன்று முறை போனார். அடுத்த பிங்கோவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. குழந்தைகளைப் பார்க்க ஆள் வந்தாள். அம்மாவும் மற்றத் தாய்மாரும் வாரம் இரண்டு நாள் நூலகத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு டொக்டரிடமோ, மனேஜரிடமோ, வங்கிக்கோ அம்மா என்னை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு நீண்ட தண்டனையா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. பல வருடங்கள் அந்த ஆத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன கோடையில் அம்மாவை அஜக்ஸில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாமான் கட்டும்போது அந்த ஃபைல் அகப்பட்டது. உள்ளே முதல் விண்ணப்பத்தின் பிரதி இருந்தது. நோக்கம் என்ற கட்டத்துக்குள் என் கையெழுத்து, இப்போதும் முத்து முத்தாக: தாய்மார் ஆங்கிலம் படிப்பதற்காக, எங்கள் பிள்ளைகள் எங்களுக்காகப் பேச வராமல் பள்ளிக்கூடத்தில் இருப்பதற்காக.

வகுப்பில் கணித பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கவுண்டருக்கு உயரம் காணாமல் குதிக்காலைத் தூக்கி நின்று, அம்மா சொல்லச் சொல்ல அதை எழுதியவள் நான்தான். பிள்ளைகள் என்றது வேறு யாரையோ என்று நினைத்திருந்தேன்.