சாம்பாரைத் திட்டலாம்

1. தனியாக வசிக்கும் என் அத்தை முதியோர் இல்லத்தில் சேர விரும்பினார்.
2. டிப்ளமோ சிவில் படித்த நான் இரண்டு இல்லங்களின் குழாய், படி, கழிவறைத் தரை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன்.
3. அதிக மதிப்பெண் பெற்ற இல்லத்துக்குக் கையெழுத்துப் போட அழைத்துப் போனேன்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் மேலாளரைப் பார்த்தபடி பேசாமல் சாப்பிட்டார்கள். "சாம்பார் எப்படி?" என்று அத்தை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தை கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் மதிப்பெண் குறைந்த வில்லாபுரத்து இல்லத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் போனோம். அங்கே ஒரு பெரியவர், "அண்ணே, இதுக்குப் பேரு சாம்பாரா?" என்று கத்தினார்.

"நாளைக்கு நீங்களே வந்து வைங்க!" என்று சமையல்காரர் சிரித்தார்.

"இம்புட்டு தைரியமாத் திட்ட முடியுதே! நான் இங்கனயே இருந்துக்கிறேன்த்தா" என்றார் அத்தை.

நல்ல முதியோர் இல்லம் எது என்று யார் கேட்டாலும் இப்போது, முன்கூட்டித் தெரிவிக்காமல் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். அத்தை அங்கே சேர்ந்து எட்டு மாதமாகிறது. தினமும் ரசத்தைக் குறை சொல்கிறார்.