பட்டர்வொர்த்துக்குப் போகும் நவமணி

நவமணி கார்ச் சக்கரங்களைக் காலால் உதைத்துப் பார்க்கிறாள். நான்கையும் உதைத்து முடித்த பிறகு சந்தேகம் வந்து முதல் சக்கரத்துக்கே திரும்பி வருகிறாள். "காத்து கொறஞ்ச மாதிரி இல்ல, டீச்சர்?" நேற்று மாலைதான் பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்தாள், நானும் கூடப் போயிருந்தேன்.

புக்கிட் ரோத்தானில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. கணவர் புனிதன் வடக்கே பட்டர்வொர்த் துறைமுகத்தில், அங்கேயே தங்கி வேலை செய்கிறார். அவருக்கு விடுப்பு கிடைப்பது அபூர்வம். அதனால் பள்ளி விடுமுறை வந்தால் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இவளே காரோட்டிப் போவாள். மூத்தவள் நித்தியாவுக்கு ஆறு வயது, பவனேஷுக்கு மூன்று.

செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் நவமணிக்கு வேலை. பழக்குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுக்க அவள் சன்னலுக்கு எதிரே ஏறி இறங்கும். சாலையில் ஒரு லோரியைக் கண்டால் நமக்கு லோரி தெரியும், அவளுக்கு அதன் பாரம் தெரியும். "அவன் நெனச்சாலும் டக்குனு நிக்க முடியாது, டீச்சர். எனக்குத் தெரியும் லா." இந்தப் பயத்தால் நெடுஞ்சாலையை விட்டு, தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சபாக் என்று கடலோரப் பழைய சாலையிலேயே ஊர்ந்து போவாள். பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடித்தால், "முந்திப் போனா மெடலா குடுக்கப் போறாங்க?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பாள்.

காருக்குள் வாந்திப் பைகள், காய்ச்சல் மருந்து, மாற்றுத் துணி, துணிக்கு மாற்றுத் துணி. ஒவ்வொரு ஊர் வரும்போதும், "ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்பாள். "இப்பதானேமா கேட்டீங்க!" என்பாள் நித்தியா. பிள்ளைகள் கத்தினால் தலைவலி. கத்தாமல் இருந்தால் அதைவிட மோசம், "ஏன் சத்தத்தையே காணோம்? திரும்பிப் பாருங்க, டீச்சர்."

சென்ற விடுமுறையிலும் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போவதற்காக அவளோடு கிளம்பினேன். சபாக் தாண்டியதும் சாலையோரம் ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தினாள். மதிய வெயில் தார்ச் சாலையில் அலையடித்தது. குடித்து முடித்ததும் பவனேஷை அவன் இருக்கையில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டினாள். அவன் உடம்பை வில்லாக வளைத்து அழுதான். அவனைச் சமாதானப்படுத்த, கையிலிருந்த கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். முன்பக்கம் நடந்து வருவதற்குள் சாவிப் பொத்தானில் அவன் கை பட்டு 'டக்' என்றது. கதவுகள் நான்கும் பூட்டிக்கொண்டன. நானும் நித்தியாவும் இன்னும் வெளியேதான் நின்றிருந்தோம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன.

"பவனேஷ் குட்டி, அத அமுக்கு. அம்மாவுக்கு டிக் டிக் பண்ணு, ஐயா." அவன் சிரித்தான். சாவியை ஆட்டிக் காட்டினான். பிறகு விளையாட்டாக அதைக் கீழே எறிந்தான். எடுக்கக் குனிந்தவனைப் பட்டை தடுத்தது. அழத் தொடங்கினான்.

கடைக்கு வந்திருந்த ஒருவர் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தார். அவர்கள் கிளம்பிவிட்டார்களாம். நவமணி மறுபக்கக் கதவுப் பிடியை இழுத்தாள், திரும்பி வந்து இந்தப் பக்கத்தை இழுத்தாள், மீண்டும் அந்தப் பக்கம் ஓடினாள். உள்ளே பவனேஷின் முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சிறிது நேரத்தில் அவன் அழுகை தேய்ந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவள் ஓடுவதை நிறுத்தினாள்.

"மக்சிக், பாராங் பிஞ்சாம்!" என்று கத்தியை இரவல் கேட்டு, கடைக்கார மலாய் அம்மாவிடம் கையை நீட்டினாள். இளநீர் சீவிய கத்தி ஈரத்தோடு அவள் கைக்கு வந்தது.

"நித்தியா, தம்பி பக்கத்துக் கண்ணாடிக்குப் போ. கூப்பிட்டுக்கிட்டே இரு. அவன் ஒன்னைத்தான் பாக்கணும், இந்தப் பக்கம் திரும்பவே கூடாது. டீச்சர், பிள்ளைய தூக்கிக் காட்டுங்க."

நான் நித்தியாவைத் தூக்கிப் பிடித்தேன். "தம்பி! தம்பி, இங்க பாரு!" என்று அவள் கண்ணாடியைத் தட்டினாள். பாதி மூடிய கண்களை அவன் மெல்ல எங்கள் பக்கம் திருப்பினான். அவனுக்குத் தொலைவாக, மறுபக்கம் இருந்த முன்கதவுக் கண்ணாடியின் மூலையில், கத்தியின் முதுகால் நவமணி அடித்தாள். கத்தி வழுக்கியது. இரண்டு கையாலும் ஓங்கி மறுபடி அடித்தாள். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. உடனே கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தாள்.

வெளியே தூக்கியதும் பவனேஷ் பலமாக அழுதான். கடைக்கார அம்மா ஈரத் துணியால் அவன் உடம்பைத் துடைத்தபடி, "அல்ஹம்துலில்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நவமணியின் முழங்கையில் இரத்தம் கோடாக வழிந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். தீயணைப்பு வண்டி வந்தபோது அவன் இரண்டாவது இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் சொன்னபடி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் நெடுநேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு, பயமில்லை, போகலாம் என்றார். நவமணியின் முழங்கைக்கும் கட்டுப் போட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "அவங்கப்பா காத்துக்கிட்டு இருப்பாரு, டீச்சர்." மிச்சமிருந்த கண்ணாடித் துகள்களைப் பெருக்கித் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தாள். வழியில் புனிதன் போன் செய்தார். "எல்லாம் ஓக்கே லா. கொஞ்சம் லேட்டாவும்" என்று மட்டும் சொன்னாள். உடைந்த சன்னல் வழியே அனல்காற்று அடித்தது. லோரிகள் உரசுவதுபோல் கடந்தன. அவள் ஓரத்திலேயே, எப்போதும்போல ஊர்ந்து போனாள்.

பட்டர்வொர்த்தில் புனிதன் அடுக்குமாடிக்குக் கீழேயே நின்றிருந்தார். சன்னலைப் பார்த்தார், அவள் முழங்கைக் கட்டைப் பார்த்தார். "என்னா ஆச்சு?"

"டீச்சர அவங்க தங்கச்சி வீட்டுல விடணும். நீங்க ஓட்டுங்க."

அவள் இறங்கி, பின்கதவைத் திறந்து, இரண்டு பிள்ளைகளின் இருக்கைகளுக்கும் நடுவே இருந்த சிறிய இடத்தில் பக்கவாட்டாக நுழைந்து உட்கார்ந்தாள். தூங்கிப்போயிருந்த பவனேஷின் வெறுங்காலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்.